மேசைக்கு வராத முதலாளிக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் அவர்களுக்கும், நிதிச் சேவைகள் துறைச் செயலாளர் அவர்களுக்கும்,

வணக்கம். வங்கி வேலைநிறுத்தத்தைப் பற்றித் திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். அமைச்சர் மதுரையில் பிறந்து திருச்சியில் கல்லூரி படித்தவர். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். செயலாளருக்கு யாராவது படித்துச் சொல்லிவிடுங்கள்.

நான் வங்கி ஊழியன் அல்ல. எந்தச் சங்கத்திலும் இல்லை. அனுப்பர்பாளையம் பக்கம் சின்னதாக ஒரு பவர் டேபிள் யூனிட் நடத்துகிறேன். பனியன் கம்பெனிகள் கட்டிங் செய்து தரும் துணியைத் தைத்துக் கொடுப்பது, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவது, அதில் டெய்லர்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் கொடுத்ததுபோக மிச்சத்தில் கரண்ட் பில்லையும் வட்டியையும் கட்டுவது, இதுதான் பிழைப்பு. எங்கள் ஊரில் சனிக்கிழமைதான் சம்பள நாள். ஆபீஸில் உட்காருபவருக்கு மாதச் சம்பளம், மெஷினில் உட்காருபவருக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூர் கடைவீதியில் நடந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2026 ஜனவரி கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். 24 நான்காம் சனி. 25 ஞாயிறு. 26 குடியரசு நாள். 27 செவ்வாய்க்கிழமை, ஒன்பது சங்கங்கள் சேர்ந்த வங்கி ஊழியர் சங்கங்களின் ஐக்கியக் கூட்டமைப்பு எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை கேட்டு அறிவித்த வேலைநிறுத்தம். நான்கு நாள் ஒரே இழுப்பாகக் கதவு சாத்திக் கிடந்தது.

கையில் போன் இருக்கிறதே, பிறகென்ன என்று டெல்லியில் யாராவது கேட்கலாம். என்இஎஃப்டி 2019 டிசம்பரில் இருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரில் இருந்தும் ராப்பகலாக ஓடுகின்றன, மறுக்கவில்லை. ஆனால் கம்பெனிக்காரர் எனக்குத் தருவது செக். அது பாஸ் ஆனால்தான் கணக்கில் பணம். சிசி லிமிட்டுக்கு, அதாவது வங்கி தரும் ரொக்கக் கடன் வரம்புக்கு மேலே இரண்டு நாளைக்குக் கொஞ்சம் விடுங்கள் என்று கேட்க மேனேஜர் வேண்டும். ஏற்றுமதிக்காரருக்குப் பேக்கிங் கிரெடிட் என்கிற முன்கடனை விடுவிக்கவும், கப்பலேற்றிய பில்லைக் கொடுத்துப் பணம் வாங்கவும் ஆள் வேண்டும். காங்கயத்திலோ தாராபுரத்திலோ ஒரு விவசாயி வீட்டில் கல்யாணம் என்று வையுங்கள். அடமானத்தில் இருக்கும் நகைக்குப் பணத்தைப் போனில் கட்டிவிடலாம். நகையைப் போன் எடுத்துக் கொடுக்காது.

ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி தொடங்கி செவ்வாயில் நடக்கும். கேரளா, கர்நாடகா, ஆந்திரா என்று வெளியூர் வியாபாரிகள் வந்து சரக்கெடுக்கிற நாள் அது. வேலைநிறுத்தம் விழுந்ததும் செவ்வாய். பெரிய தனியார் வங்கிகள் திறந்திருந்தன என்பீர்கள். சரிதான். ஆனால் எங்களைப் போன்ற சில்லறை ஆட்களை அரசு வங்கிக்கு அனுப்பியதே அரசுதானே. ஜன் தன் கணக்குகளில் பெரும்பகுதி பொதுத்துறை வங்கிகளில்தான் கிடக்கிறது. கோடிக்கணக்கில் புரட்டுகிறவர் நான்கு வங்கியில் கணக்கு வைத்திருப்பார். முதியோர் உதவித்தொகையான ஓஏபி பணம் எடுக்கப் போகும் கிழவிக்கு ஒரே பாஸ்புக்.

டீக்கடையில் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். "அவங்களுக்கு என்னங்க கொறச்சல்? ஏசி ரூமு, மாசம் பொறந்தாச் சம்பளம், இப்ப சனிக்கெழமையும் லீவு வேணுமாமா." நாள் முழுக்க ஓவர்லாக் மெஷினில் குனிந்திருந்து வந்தவர் அப்படிப் பேசினால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சில் ஒரு விவரம் விட்டுப்போகிறது. அது விட்டுப்போவதில் லாபம் உங்களுக்குத்தான்.

அந்த விவரம் இது. சனிக்கிழமை விடுமுறை என்பது இன்று திடீரென்று முளைத்த கோரிக்கை அல்ல. 2023 டிசம்பர் 7-ல் வங்கி நிர்வாகங்களின் அமைப்பான இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன. 2024 மார்ச் 8-ல் பன்னிரண்டாவது இருதரப்பு ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது. 2022 நவம்பர் முதல் கணக்கிட்டு 17 சதவீத உயர்வு, ஆண்டுக்கு 8,284 கோடி ரூபாய் கூடுதல் செலவு. அதோடு எல்லாச் சனிக்கிழமையும் விடுமுறை, அதற்கு ஈடாகத் திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 40 நிமிடம் போலக் கூடுதல் வேலை என்பதையும் வங்கி நிர்வாகங்களின் தரப்பு ஏற்று அரசுக்குப் பரிந்துரைத்தது. அரசு அனுமதித்தால் அமல் என்று தாள் டெல்லிக்குப் போனது. போனது போனதுதான்.

அதாவது தொழிலாளியும் நிர்வாகமும் ஒத்துப்போன ஒரு விஷயத்துக்காக நாடு முழுக்க வங்கி நின்றிருக்கிறது. எங்கள் ஊர்த் தொழிற்சங்கக்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். இங்கே சண்டை என்றால் தொழிலாளி கேட்பார், முதலாளி முடியாது என்பார், மெஷின் நிற்கும். உங்கள் சண்டையில் முதலாளி சரி என்று சொன்ன பிறகும் நிற்கிறது. ஏனென்றால் சரி என்றவர் முதலாளி இல்லை.

நிஜ முதலாளி யார்? பொதுத்துறை வங்கி ஒவ்வொன்றிலும் 51 சதவீதத்துக்குக் குறையாத பங்கு அரசிடம் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 12 வங்கிகளுக்கும் தலைமை அதிகாரியை நியமிப்பது நீங்கள். 2020 ஏப்ரல் 1-ல் பத்து வங்கிகளைச் சேர்த்து நான்காக்கியது நீங்கள். (அதில் எங்கள் தெருவில் எத்தனை பேருக்குச் செக் புத்தகமும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் மாறியது என்பது தனிக்கதை.) இவ்வளவும் செய்யும் நீங்கள், ஊதியப் பேச்சு என்று வந்தால் மட்டும் மும்பையில் இருக்கும் இந்திய வங்கிகள் சங்கத்தைக் கைகாட்டுகிறீர்கள். அது பேசும், டீ வாங்கிக் கொடுக்கும், கையெழுத்தும் போடும். பிறகு, "அரசின் பரிசீலனையில் உள்ளது."

வேலைநிறுத்த நோட்டீஸ் கொடுத்ததும் அரசு இன்னொரு வேஷத்தில் வருகிறது. தொழிலாளர் அமைச்சகத்தின் தலைமைத் தொழிலாளர் ஆணையர், சமரச அதிகாரியாக. ஒருபுறம் சங்கங்கள், மறுபுறம் வங்கிகள் சங்கம், நடுவில் அவர். அவரும் அரசு ஊழியர். அவரால் நிதி அமைச்சகத்துக்கு உத்தரவு போட முடியுமா? அதிகபட்சம், தள்ளிவையுங்கள் என்று சங்கங்களைக் கேட்டுக்கொள்ளலாம். அதைத்தான் செய்தார்.

2025 மார்ச் 24, 25 இரண்டு நாள் வேலைநிறுத்தம் என்று முன்பே ஒருமுறை அறிவித்திருந்தார்கள். அதற்கு முந்தைய 22 நான்காம் சனி, 23 ஞாயிறு. அதுவும் நான்கு நாள் கணக்குதான். 21-ம் தேதி ஆணையர் முன் பேச்சு நடந்தது. நம்பிக்கையான வார்த்தை கிடைத்தது என்று சொல்லிச் சங்கங்கள் தள்ளிவைத்தன. நாங்களும் அப்பாடா என்று செக்கைப் போட்டோம். பத்து மாதம் கழித்து அதே கோரிக்கை, அதே மேசை. 2026 ஜனவரி 22, 23 இரண்டு நாளும் பேசினார்கள். ஒன்றும் ஆகவில்லை, 27 வந்தது. இடையில் அந்தப் பத்து மாதம் யார் கையில் இருந்தது? வங்கிகள் சங்கத்தின் கையிலா? அவர்கள்தான் 2023-லேயே சொல்லிவிட்டார்களே.

இன்னொன்றும் உறுத்துகிறது. 2025 மார்ச் கோரிக்கைகளில் ஒன்று, பணித்திறன் மதிப்பீடு, ஊக்கத்தொகை பற்றி உங்கள் நிதிச் சேவைகள் துறை போட்ட உத்தரவுகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பது. உத்தரவு போட்டது துறை. அதை எதிர்த்து நோட்டீஸ் கொடுத்தால் பதில் சொல்ல உட்கார வேண்டியது வங்கிகள் சங்கம். தறி ஓட்டுகிறவருக்கு நூலை மோசமாகக் கொடுத்தது ஒருவர், பஞ்சாயத்தில் நிற்க வைப்பது இன்னொருவரை. இன்னொரு கோரிக்கை, வங்கி இயக்குநர் குழுவில் ஊழியர், அதிகாரிகள் சார்பில் இயக்குநர்களை நியமிப்பது. அந்த நாற்காலிகளை 1970-ம் ஆண்டு வங்கித் தேசியமயச் சட்டமே தந்திருக்கிறது. நிரப்ப வேண்டியது நீங்கள். காலியாக விட்டுவிட்டு, பேச ஆளில்லாமல் தெருவுக்கு வருகிறார்கள் என்று கோபப்பட்டால் எப்படிங்க?

எங்கள் பக்கம் தொழில் தகராறு குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. 1984-ல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரியவர்கள் இன்னும் அந்த வருஷத்தைச் சொல்லித்தான் மற்ற வருஷங்களைக் கணக்குப் போடுவார்கள். அன்றிலிருந்து பனியன் தொழிலில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் நேரே உட்கார்ந்து சம்பள ஒப்பந்தம் போடுவது வழக்கமாகிவிட்டது. அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளிலும் அப்படித்தான். இழுபறி, கூச்சல், நடுவில் எழுந்து போவது எல்லாம் உண்டு. ஆனால் எழுந்து போகிறவர் பணம் கொடுக்கப் போகிறவர். திரும்பி வந்து அவர் சொல்லும் பைசாக்கணக்குக்கு மேலே வேறு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

விசைத்தறியைப் பாருங்கள். 2025 மார்ச்சில் கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் நின்றன. ஏப்ரலில் முடிவு வரும்வரை ஒரு மாதத்துக்கும் மேல் சோமனூர், பல்லடம், அவிநாசி வட்டாரத்தில் தறிச் சத்தமே இல்லை. ஜவுளி உற்பத்தியாளர்கள் ஒரு பக்கம், கூலிக்கு ஓட்டும் தறிக்காரர்கள் ஒரு பக்கம். கடைசியில் மாநில அமைச்சர்களும் ஆட்சியரும் இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். சோமனூர் ரகத்துக்கு 15 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 10 சதவீதம் என்று முடிந்தது. ஒரு மாதம் ஆனது அவமானம்தான், முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டிய வேலை அது. ஒப்புக்கொண்ட கூலியைச் சிலர் கொடுப்பதில்லை என்ற புகார் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்குப் பிறகும் எழுவது உண்டு, அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அங்கே அரசு உண்மையிலேயே மூன்றாம் ஆள். தறி அரசுடையது அல்ல, பாவு நூலும் அரசுடையது அல்ல. நடுவில் உட்கார அதற்கு உரிமை இருந்தது.

வங்கி விஷயத்தில் அந்த நடு நாற்காலி உங்களுக்கு இல்லை. நான் சொல்ல வந்ததே இதுதான். உங்கள் இடம் எதிர் நாற்காலி. அதில் வந்து உட்காருங்கள்.

உட்காராவிட்டால் என்ன ஆகிறது என்பதற்குப் பழைய கணக்கையும் பார்க்கலாம். 2017 நவம்பர் முதல் வர வேண்டிய ஊதிய ஒப்பந்தத்துக்கு 2018 மே மாதம் வங்கிகள் சங்கம் சொன்ன தொகை 2 சதவீதம். வெறும் இரண்டு. மே 30, 31 இரண்டு நாள் வங்கிகள் நின்றன. பிறகு 2020 ஜனவரி 31, பிப்ரவரி 1 மறுபடியும் நின்றன. பிப்ரவரி 1 நீங்கள் பட்ஜெட் வாசித்த நாள். கடைசியாக 2020 நவம்பர் 11-ல் 15 சதவீதத்துக்குக் கையெழுத்தானது. முந்தைய ஒப்பந்தத்தில் கொடுத்ததும் 15 சதவீதம்தான். அங்கேதான் வந்து நிற்கப் போகிறோம் என்றால் இரண்டில் தொடங்கி மூன்று வருஷம் எதற்கு இழுத்தது? வேலைநிறுத்தம் செய்த நாட்களுக்கு ஊழியருக்குச் சம்பளம் பிடித்தாகிவிட்டது. எங்களுக்கு ஆன நஷ்டத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

அந்த 2020 ஒப்பந்தத்திலேயே இறந்த ஊழியரின் குடும்ப ஓய்வூதியத்தைக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமாக உயர்த்துவது என்று இருந்தது. அதுவரை எவ்வளவு சம்பளம் வாங்கி இறந்தாலும் மாதம் 9,284 ரூபாய்தான் உச்சவரம்பு. அதற்கு அரசின் அனுமதி வந்தது 2021 ஆகஸ்ட் 25-ல். ஒன்பது மாதம், அதுவும் கொரோனா காலத்தில். கணவனை இழந்த பெண்ணுக்குச் சேர வேண்டிய பணத்தில் பரிசீலிக்க அத்தனை மாதம் என்ன இருந்தது என்று எனக்குப் புரியவில்லை.

உங்களால் வேகமாக முடியாது என்று நான் நினைக்கவில்லை. கரூர்க்காரர்களைக் கேளுங்கள். 1926-ல் கரூரில் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது லட்சுமி விலாஸ் வங்கி. 2020 நவம்பர் 17 மாலையில் அதன் மேல் தடை விழுந்தது. கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்றார்கள். 25-ம் தேதி மத்திய அமைச்சரவை இணைப்புக்கு ஒப்புதல் தந்தது. 27-ம் தேதி அது சிங்கப்பூர் வங்கி ஒன்றின் இந்தியத் துணை நிறுவனத்தோடு சேர்ந்துவிட்டது. பத்தே நாள். தொண்ணூற்று நான்கு வருஷ வங்கியின் தலையெழுத்தையே அரசும் ரிசர்வ் வங்கியும் பத்து நாளில் எழுதின. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட மிஞ்சவில்லை என்பது கரூரில் இன்னும் ஆறாத புண், அதை இங்கே கிளற விரும்பவில்லை. வேகத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அவசரம் உங்களுடையது என்றால் பத்து நாள் போதும்.

சனிக்கிழமை விஷயத்திலேயே இன்னொரு அளவுகோல் இருக்கிறது. இரண்டாம், நான்காம் சனி விடுமுறை என்பது 2015 மே 25-ல் போட்ட பத்தாவது ஒப்பந்தத்தில் வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1-ல் அமலுக்கு வந்தது. எல்ஐசிக்கு எல்லாச் சனியும் விடுமுறை என்று பொது விடுமுறை அறிவிக்க வழிசெய்யும் செலாவணி முறிச் சட்டம் 25-ம் பிரிவின் கீழ் 2021-ல் நீங்கள் அறிவித்தீர்கள், அந்த மே மாதமே நடைமுறைக்கு வந்தது. ரிசர்வ் வங்கியில் சனிக்கிழமை வேலை இல்லை. உங்கள் அமைச்சகத்திலும் இல்லை. வங்கிக்கு மட்டும் ஏன் முடியாது என்பதற்குக் காரணம் இருக்கலாம். எங்கள் சனிக்கிழமைச் சம்பளமே அந்தக் காரணமாக இருக்கலாம். இருந்தால் சொல்லுங்கள். முடியாது என்று எழுதிக் கொடுத்தால் அதை எதிர்த்து வாதாடலாம், இல்லை ஏற்கலாம். ஒன்றுமே சொல்லாமல் இருந்தால் என்ன செய்வது?

பழைய வரலாறு ஒன்று. அரசு இந்த மேசையில் இருந்து எப்போதுமே தள்ளி நின்றதில்லை. 1953-ல் சாஸ்திரி தீர்ப்பாயம் வங்கி ஊழியர்களின் ஊதியத்துக்குத் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைத் திருத்தியது. அந்தத் தீர்ப்பை 1954-ல் மத்திய அரசு தன்னிஷ்டத்துக்கு மாற்றியது. அன்றைய தொழிலாளர் அமைச்சர் வி.வி. கிரி, தீர்ப்பாயம் சொன்னதை அரசு இப்படி மாற்றக் கூடாது என்று சொல்லிப் பதவியையே விட்டார். தொழிலாளியும் முதலாளியும் நேரே பேசித் தீர்க்க வேண்டும், மூன்றாம் ஆள் தீர்ப்பு கடைசி வழி என்பது அவர் கொள்கை. அடுத்த ஆண்டு அரசு இன்னொரு குழு வைத்து, சட்டம் போட்டுத்தான் அதைச் சரிக்கட்ட வேண்டி வந்தது. 1966 அக்டோபர் 19-ல் முதல் இருதரப்பு ஒப்பந்தம் வந்தபோதுதான் கிரி சொன்ன வழிக்கு வங்கித் தொழில் வந்து சேர்ந்தது. அப்போது வங்கிகளில் பெரும்பாலானவை தனியார். இருதரப்பு என்றால் நிஜமாகவே இரண்டு தரப்பு. 1969 ஜூலை 19-ல் 14 வங்கிகளைத் தேசியமயமாக்கும் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும், பொறுப்புக் குடியரசுத் தலைவராக இருந்த அதே கிரிதான். அன்றைக்கு முதலாளி மாறினார். மேசையில் நாற்காலியை மட்டும் யாரும் மாற்றிப் போடவில்லை.

இப்போது சட்டமும் மாறியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் அமலில் இருக்கிறது. 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தத் தொழிலாளியும் வேலையை நிறுத்த முடியாது. சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்த முடியாது. பாதிப் பேரோ அதற்கு மேலோ ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்கு. எல்லாவற்றிலும் தொழிலாளிக்கு நாள் குறித்தாகிவிட்டது. நிர்வாகமும் ஊழியரும் போட்ட ஒப்பந்தத்துக்கு அனுமதி தரவோ மறுக்கவோ அரசுக்கு எத்தனை நாள் என்று மட்டும் எங்கும் எழுதவில்லை.

சங்கத் தலைவர்களுக்கும் ஒரு வார்த்தை, இந்த மடல் அவர்கள் கண்ணிலும் படும் என்பதால். இரண்டு முறையும் நான்காம் சனியை ஒட்டியே நாள் பார்த்தீர்கள். அப்போதுதான் டெல்லிக்கு உறைக்கும் என்பது உங்கள் கணக்கு. டெல்லிக்கு உறைத்த மாதிரி தெரியவில்லை, எங்கள் பக்கத்துப் பெருமாநல்லூருக்கு உறைத்தது. கிளைக்கு ஒரு ஆள் நின்று நகையை மீட்பவருக்கும் ஓய்வூதியம் எடுப்பவருக்கும் மட்டும் வேலை செய்தால் உங்கள் போராட்டம் நீர்த்துப்போகாது. கடைவீதியில் நாலு பேர் உங்கள் பக்கம் பேசுவார்கள்.

சனிக்கிழமை மூடினால் எங்களுக்குக் கஷ்டம் வருமா என்றால், வரும். ஆனால் தாங்க முடியாத கஷ்டம் இல்லை. 2025 அக்டோபர் 4 முதல் செக் அன்றைக்கே பாஸ் ஆகும் முறையை ரிசர்வ் வங்கி கொண்டுவந்திருக்கிறது. ஆரம்பத்தில் தடுமாறினாலும் முறை நல்ல முறை. கம்பெனிக்காரர்கள் வெள்ளிக்கிழமை மத்தியானம் நீட்டும் செக்கை வியாழக்கிழமையே கொடுக்கப் பழகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அவர்களைப் பழக்குவது உங்கள் வேலையல்ல, அது எங்கள் தலைவலி. கூடுதல் 40 நிமிடத்தை உள்ளே உட்கார்ந்து கணக்கு முடிக்கிற நேரமாக்காமல் கவுன்டர் நேரமாக்குங்கள். வெள்ளி ராத்திரிக்குள் ஏடிஎம்களில் பணம் நிரம்ப வேண்டும். திருப்பூர், ஈரோடு, கரூர், சோமனூர் மாதிரி வாரக்கூலி ஊர்களில் சுற்று முறையில் வட்டாரத்துக்கு ஒரு கிளையைச் சனிக்கிழமை மத்தியானம் வரை திறந்து வைத்து, அந்த ஊழியருக்கு வேறொரு நாள் விடுமுறை கொடுக்கலாம். இதையெல்லாம் பேசத் தொழில் அமைப்புகளைக் கூப்பிட்டீர்களா? எங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்களை? 2024 செப்டம்பரில் கோவை கொடிசியா வளாகத்தில் அமைச்சர் எங்கள் பக்கத் தொழில்காரர்களைச் சந்தித்தபோது பன்னுக்கும் அதற்குள் வைக்கும் க்ரீமுக்கும் வரி எப்படி வேறுபடுகிறது என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி நாடு முழுக்கப் போனது, அதற்குப் பிறகு அவர் அமைச்சரிடம் மன்னிப்புக் கேட்ட வீடியோவும் போனது. வங்கிச் சனிக்கிழமையைப் பற்றி அப்படி ஒரு கூட்டம் போடுங்கள். கேட்கிறவர் கேட்கட்டும், பின்விளைவு இல்லாமல்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 2024-ல் கையெழுத்தான தாளுக்கு ஒரு தேதி சொல்லி அதற்குள் அனுமதி கொடுங்கள், அல்லது காரணம் எழுதி மறுங்கள். மறுத்தால் அதை நாடாளுமன்றத்தில் சொல்லுங்கள், வங்கிகள் சங்கத்தின் வாயால் சொல்ல வைக்காதீர்கள். அடுத்த முறை வேலைநிறுத்த நோட்டீஸ் வந்தால் முதல் நாள் பேச்சுக்கே, முடிவு சொல்லும் அதிகாரத்தோடு உங்கள் துறையின் மூத்த அதிகாரி ஒருவர் வர வேண்டும். அந்த 14 நாளில் 11 நாளைத் தூங்கவிட்டுக் கடைசி மூன்று நாளில் ஓடாதீர்கள். இயக்குநர் குழுக்களில் காலியாக இருக்கும் ஊழியர் நாற்காலிகளை நிரப்புங்கள்.

இப்போதைய ஊதிய ஒப்பந்தம் 2027 அக்டோபர் 31-ல் முடிகிறது. நவம்பர் 1-ல் அடுத்தது தொடங்க வேண்டும். 2017-ல் முடிந்ததற்கு மூன்று வருஷமும், 2022-ல் முடிந்ததற்குப் பதினாறு மாதமும் காக்க வைத்தீர்கள். 2027-க்கான பேச்சை இப்போதே தொடங்கினால், எந்தத் தொகைக்கு மேல் போக முடியாது என்பதை வங்கிகள் சங்கத்திடம் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், அடுத்த தீபாவளிக்கு எங்கள் ஊரில் போனஸ் பட்டுவாடா ஆகும் வாரத்தில் வங்கி வாசலில் போராட்டப் பந்தல் இருக்காது. திருப்பூரில் போனஸ் கொடுப்பது தீபாவளிக்கு முந்தைய வாரம், பெரும்பாலும் அக்டோபரில் அல்லது நவம்பர் தொடக்கத்தில் வரும். உங்கள் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பவர் டேபிள் யூனிட் நடத்தும் ஒரு வாடிக்கையாளன்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.